கல்லா மண்ணா ஆடவும் மண் வேண்டும்

‘சேரிப் புள்ளைங்களுக்கு எதுக்குங்க உடற்பயிற்சி? பொறந்ததுலேருந்து ஓடிக்கிட்டுத்தானே இருக்குதுங்க!’ இப்படி ஒரு பேச்சு உண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்வார், ஆஸ்பத்திரி டாக்டர் சொல்வார், சர்க்கரை நோய்க்காகக் காலையில் நடக்கப் புறப்பட்ட ஊர்ப் பெரிய மனிதர் நம் தெரு ஓரமாகப் போகும்போது நின்று சொல்லிவிட்டுப் போவார். கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். நம்மாட்களிலேயே சிலர் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். ‘வெயில் மழைல வளந்த கட்டை, வைரம் பாஞ்சது’ என்று தங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தும் சொல்வார்கள்.

தோழர்களே, இந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். சிலருடைய உடம்பு உழைக்கவென்றே பிறந்தது என்கிற பழைய வருணக் கணக்கு மூணு வயசுப் பிள்ளையின் காலிலிருந்தே தொடங்கிவிடும். ஓடுகிற பிள்ளைக்கு மைதானம் எதற்கு, பந்து எதற்கு, பால்வாடிக்கு முற்றம் எதற்கு என்று அடுத்தடுத்த கேள்விகள் தானாக வரும். வந்துகொண்டும் இருக்கின்றன.

குடும்பத்தின் சமூகப் பொருளாதாரப் பின்னணிக்கும் சிறு குழந்தைகளின் உடல் இயக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் படிக்கிற நம் மாணவர்கள் இவற்றை அவசியம் படிக்க வேண்டும், சண்டை போடுவதற்காகவாவது. செய்முறை இதுதான். குழந்தையின் இடுப்பிலோ மணிக்கட்டிலோ தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கட்டிவிடுவார்கள். ஆக்ஸிலரோமீட்டர் என்று பெயர். ஒரு வாரம் அது குழந்தையோடு இருக்கும். உடம்பு குலுங்கக் குலுங்க எண் ஏறும். இன்னொரு பக்கம் பெற்றோரிடம் ஒரு படிவம்: என்ன படிப்பு, என்ன வேலை, மாசம் எவ்வளவு வருமானம். இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு சொல்வார்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளிடம் பார்த்த வரையில், மொத்த அசைவைப் பற்றி ஒரே மாதிரியான முடிவு வரவில்லை. ஏழைக் குழந்தை குறைவாக அசைகிறது என்று சில ஆய்வுகள், வித்தியாசமே இல்லை என்று சில. ஆனால் இரண்டு சங்கதி திரும்பத் திரும்ப வருகிறது. காசு கட்டிச் சேர்கிற நீச்சல், நடனம், பந்தாட்டம் எல்லாம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு. டிவிக்கும் செல்போனுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிற நேரம் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதிகம். ஏழை நாடுகளுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகப் புரள்கிறது. 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் 12 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில் கென்யாவின் நைரோபி நகரமும் இருந்தது. அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் குறைவாக அசைகிறார்கள். காரில் ஏறிப் பள்ளிக்குப் போகிற பிள்ளை எங்கே நடக்கும்? இதைப் படித்தால் நம் ஊர்ப் பெரிய மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்பார்.

அவருக்கும் அந்தக் கருவிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. குலுங்குவது தெரியும், பாரம் தெரியாது. இடுப்பில் கட்டிய கருவிகள் சுமை தூக்கி நடப்பதைக் குறைத்துத்தான் காட்டும் என்பது ஆய்வாளர்களே ஒத்துக்கொண்ட விஷயம். பந்தைத் துரத்தி ஓடுகிற பிள்ளைக்கு எண் சரசரவென்று ஏறும். தண்ணிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிந்தாமல் அடிமேல் அடி வைத்து வருகிற பிள்ளையை ‘லேசான அசைவு’ என்று அது எழுதிக்கொள்ளும்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியில் சில வருஷம் மாலைப்பள்ளி நடத்தினேன். பாடத்தைவிட விளையாட்டுக்குத்தான் பிள்ளைகள் வரும். முதல் அரைமணி கல்லா மண்ணா, பிறகு நொண்டி, அப்புறம்தான் சிலேட்டு. ஏழு வயசுப் பெண் ஒன்று தினமும் வரும், ஒரு நாளும் ஆட்டத்தில் சேராது. இடுப்பில் ஒரு வயசுத் தம்பி. ‘அவன எறக்கி வுட்டுட்டு வாம்மா’ என்றால், ‘எறக்குனா அழுவான் அண்ணா’ என்று ஒதுங்கி நின்றுகொள்ளும். அந்தப் பிள்ளையின் எடை பதினெட்டு கிலோ இருந்தால் அதிகம். தம்பி எட்டு ஒன்பது கிலோ இருப்பான். தன் எடையில் பாதியை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு மாலை முழுக்க நின்றது அது. தம்பி இல்லாத நேரத்தில்கூட ஒருபக்கம் சாய்ந்தே நடக்கும். அந்தக் குழந்தையின் இடுப்பில் கருவியைக் கட்டியிருந்தால் என்ன எழுதியிருக்கும்? தம்பியின் கணக்கில் எதை எழுதும்? அவனும்தான் இறங்கித் தவழவில்லை.

இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை பேதத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அதே காலனியில் அதே வயசுப் பையன் சைக்கிள் டயரைத் தட்டிக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் ஓடுவான். அவனுடைய அம்மாவும் நடவுக்குப் போனவள்தான், அவன் வீட்டிலும் கைப்பிள்ளை உண்டு. அதைத் தூக்குவதற்கு அக்கா இருக்கிறாள். 1986இல் வந்து 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் பிள்ளை குடும்பத்துக்கு உதவலாம் என்று வழிவிட்டிருக்கிறது. சட்டத்துக்கு உதவி, கருவிக்கு லேசான அசைவு, ஊர்ப் பெரிய மனிதருக்கு ஓடியாடும் பிள்ளை. அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் என்றுதான் யாரும் கேட்பதில்லை.

உடம்பு அசைவது வேறு, விளையாடுவது வேறு என்று நான் சொல்வதற்குச் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. பல்வங்கர் பாலூ, 1870களில் பிறந்த மராட்டியத் தலித். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கிற கூலி. துரைமார்கள் மட்டை பிடித்துப் பழகுவதற்காக மணிக்கணக்கில் பந்து வீசுவார். மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கமாட்டார்கள். பிறகு இந்துக்கள் அணிக்கு இவர் பந்துவீச்சு இல்லாமல் ஆகாது என்று வந்தபோது சேர்த்துக்கொண்டார்கள். தேநீர் மட்டும் வெளியே, தனியாக, மண் குவளையில். 1911இல் இங்கிலாந்துக்குப் போய் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்துத் திரும்பிய ஆள், கடைசிவரை அந்த அணிக்குக் கேப்டன் ஆகவில்லை. அன்றைக்கு அவர் கையில் கருவி கட்டியிருந்தால் மைதானத்திலேயே அதிகம் ‘உடல் இயக்கம்’ உள்ள ஆள் அவர்தான்.

சிறு குழந்தைகளுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு வயதுக்கு மேல் நாள் ஒன்றுக்கு 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும். மூன்று, நான்கு வயதில் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும். இரண்டிலிருந்து நான்கு வயதுவரை திரை பார்ப்பது ஒரு மணிக்கு மேல் கூடாது. ஒரே நேரத்தில் ஒரு மணிக்கு மேல் குழந்தையை வண்டியிலோ நாற்காலியிலோ முதுகிலோ கட்டிவைக்கக் கூடாது.

நல்ல யோசனைகள். ஆனால் இவற்றை யாரிடம் சொல்வது? என்னை வளர்த்தது வரப்போரத்துப் புங்கமரத்தில் தொங்கின தூளி. அம்மா நடவில் குனிந்தால் நிமிர மதியம் ஆகும், அதுவரை தூளிதான். நிமிர்ந்து வந்து பிள்ளையை இறக்கி விளையாட்டுக் காட்டினால் மேஸ்திரி அரைநாள் கூலியைப் பிடிப்பான். கட்டட வேலை நடக்கிற இடங்களில் தவழும் பிள்ளையின் காலில் புடவைக் கிழிசலைக் கட்டித் தூணில் முடிந்திருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். அந்தத் தாய்க்கு அறிவில்லை என்று சொல்கிறவன் அந்த இடத்தில் திறந்துகிடக்கிற தண்ணித் தொட்டியையும் நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பியையும் பார்த்துவிட்டுப் பேசட்டும். 2005ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. வேலைக்கு வருகிற பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், ஒரு பெண்ணைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்தி அவளுக்கும் அதே கூலி தர வேண்டும். நூறு நாள் வேலை நடந்த இடங்களுக்குப் பல வருஷம் போய் வந்திருக்கிறேன். அப்படி நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணையும் பார்க்கவில்லை. ‘புள்ளைய வூட்ல வுட்டுட்டு வா’ என்பதுதான் நடைமுறை. வீட்டில் யாரிடம்? அந்த ஏழு வயசு அக்காவிடம்.

ஆடுவதற்கு உடம்பில் ஏதாவது இருக்கவும் வேண்டும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காடு வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்தியா முழுமைக்கும் 35.5. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை உள்ளவர்களில் ரத்தசோகை தமிழ்நாட்டில் 57.4 விழுக்காடு. சத்துக் குறைந்த உடம்பு என்ன செய்யும் தெரியுமா? கிடைக்கிற கொஞ்சத்தை உயிர் காக்கவும் வளரவும் ஒதுக்கிக்கொண்டு, முதலில் விளையாட்டில் கைவைக்கும். குழந்தை ஓரமாக உட்கார்ந்துவிடும். ‘தங்கமான புள்ள, சேட்டையே கெடையாது’ என்று நாம் சொல்கிற பிள்ளைகள் எத்தனை பேருக்கு ரத்தம் பார்த்திருக்கிறோம்? மதிய உணவு 1982இல் விரிவானது, 2022இல் காலை உணவும் வந்தது. இரண்டும் பெரிய காரியங்கள், குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் காலை உணவு ஒன்றாம் வகுப்பிலிருந்து. அதற்குக் கீழே உள்ளதுகளுக்கு பால்வாடிதான் கதி.

பால்வாடி என்றதும் இடத்தின் பேச்சுக்கு வந்தாக வேண்டும். மேல்நாட்டுப் படிவத்தில் படிப்பு, வேலை, வருமானம் மூன்றுக்கும் கட்டம் உண்டு. ஊர், சேரி என்பதற்குக் கட்டம் இல்லை. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து நிரப்பினால் காலனியில் வீடு கட்டிக் குடியிருக்கிற நம் தலைமையாசிரியரும் ஊர்த்தெரு விவசாயியும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். தலைமையாசிரியர் பிள்ளையின் பந்து ஊர்த்தெருவுக்குள் உருண்டுவிட்டால் அதை எடுக்க யார் போவது என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப்போன நம் சின்னப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்கு எதுவும் தரமாட்டோம் என்று கடைக்காரர் சொன்னதை அவரே படம்பிடித்துப் பரப்ப, உலகமே பார்த்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பலரும் பிள்ளைகளின் முகத்தைப் பற்றி எழுதினார்கள். எனக்குக் கால்தான் கண்ணில் நின்றது. கையில் காசோடு வந்த கால்கள் திரும்பி மெல்ல நடந்து போயின. ஒரு தெருவுக்குள் எந்த இடம்வரை ஓடலாம், எந்த இடத்தில் நடையைக் குறைக்க வேண்டும், எந்த வீட்டுத் திண்ணைக்கு முன்னால் சத்தம் போடக் கூடாது என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு அ, ஆவுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

நான் அறிந்த ஒரு கிராமத்தில் பால்வாடி ஊர்த்தெரு நடுவில் இருக்கிறது. காலனியிலிருந்து முக்கால் கிலோமீட்டர். நம் தாய்மார்கள் மாவு உருண்டை வாங்க மட்டும் போவார்கள், பிள்ளையை விடமாட்டார்கள். ‘அங்க வுட்டா ஓரத்துல குந்த வெச்சிடுறாங்க’ என்று ஒரு தாய் சொன்னாள். மூணு வயசுப் பிள்ளைக்கு உட்காருவதையே பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற இடம் அது. தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் அங்கன்வாடிகள். கட்டடம் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா என்று கணக்கெடுக்கிறார்கள், சரி. முற்றம் எத்தனை அடி, அது ஊரின் எந்தப் பக்கம் என்றும் எடுக்கட்டும்.

காலனிக்குள்ளேயே இடம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. எந்தக் காலனிக்கும் போய்ப் பாருங்கள், நடுவில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள். முதலில் அதில் மேல்நிலைத் தண்ணித் தொட்டி வந்தது. அடுத்து டிவி அறை. பிறகு மகளிர் குழுக் கட்டடம், ரேஷன் கடை, கடைசியாகக் குப்பைத் தரம்பிரிக்கிற கொட்டகை. எல்லாம் நமக்கு வேண்டியவைதான், நாம் மனு கொடுத்துப் பெற்றவைதான். ஆனால் ஊர்த்தெருவுக்கு இவை வரும்போது புறம்போக்கில் வரும், கோயில் திடல் திடலாகவே இருக்கும். நமக்கு வரும்போது மட்டும் பிள்ளைகள் ஆடுகிற அந்த ஒரே இடத்தின் தலையில் வந்து இறங்கும். 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று 12 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கு மட்டையும் பந்தும் வலையும் கொடுக்க ஆரம்பித்தார்கள். வலையைக் கட்ட இரண்டு கம்பம் நட வேண்டுமே, அந்த இரண்டு குழி யார் நிலத்தில்? பெரிய பையன்களாவது அறுவடை முடிந்த வயலில் போய் ஆடுவார்கள். நாலு வயசுப் பிள்ளைக்குத் தாயின் கண் எட்டுகிற தூரத்தில் இடம் வேண்டும்.

ஆகவே இது நிலப் பிரச்சினை. திரமென்ஹீர் அறிக்கை 1891இல், அதையொட்டிய ஆணை 1892இல். பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று மேடைதோறும் பேசுகிறோம். அதை மீட்கச் சொல்லிக் காரணையில் இறங்கிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸையும் ஏழுமலையையும் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தோம். மீட்கிற நிலத்தில் என்ன செய்வோம் என்று கேட்டால் பயிர் வைப்போம், வீடு கட்டுவோம் என்கிறோம். நல்லது. அதில் பத்து சென்ட் பிள்ளைகள் ஆடுவதற்கு என்று யாராவது தீர்மானம் எழுதியிருக்கிறோமா? சுடுகாட்டுப் பாதைக்காக மறியல் செய்திருக்கிறோம், செய்துதான் ஆக வேண்டும். செத்தவர் போகிற வழிக்காகச் சிறை போகிற இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் மூணு வயசுப் பிள்ளை ஓடுகிற இடம் ஏன் ஒரு வரியாகக்கூட இல்லை? ஏப்ரல் 14 அன்று ஒரு நாள் லெமன் ஸ்பூனும் மியூசிக்கல் சேரும் நடத்தி, எவர்சில்வர் டப்பா பரிசு கொடுத்து முடித்துக்கொள்கிறோம்.

நகரத்தில் இன்னும் மோசம். கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த நம் சனங்களை 2000இலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். கண்ணகி நகரின் பழைய வீடுகள் 195 சதுர அடி. பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. அம்மா விடிவதற்குள் வீட்டுவேலைக்கோ துப்புரவு வேலைக்கோ நகரத்துக்குள் பஸ் ஏறிவிடுவாள். ஏழாவது மாடியில் இருக்கிற பிள்ளையை லிஃப்ட் நின்றுபோன நாளில் கீழே அனுப்ப எந்தப் பாட்டிக்குத் துணிவு வரும்? கதவைச் சாத்தி செல்போனைக் கையில் கொடுத்துவிடுகிறாள். ஏழை வீட்டில் திரை நேரம் அதிகம் என்று மேல்நாட்டு ஆய்வு சொன்னது இங்கே நம் கண்ணெதிரே நடக்கிறது. கிராமத்தில் சுமந்து தேய்கிற உடம்பு, நகரத்தில் அடைபட்டுச் சோர்கிற உடம்பு. வருமானக் கட்டத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அதே கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா கபடி ஆடி 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணியில் நின்றாள். அன்றைக்கு நானும் ஆடித்தீர்த்தேன், அதை மறைப்பானேன். ஆனால் மறுநாளே ஒருவர் கேட்டார்: ‘பாத்தீங்களா, எடம் இல்லேன்னா எப்படி தங்கம் வந்துச்சு?’ அதே வருஷம் மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பரீட்சைக்குப் போன நம் பிளஸ் ஒன் மாணவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் அவன் அணி வென்ற ஆத்திரம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். தங்கத்தைக் காட்டிப் பேசுகிறவர்களுக்கு இந்த விரல்களையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் கட்டாயம். அந்தச் சட்டம் ஆறு வயதில் தொடங்குகிறது. ஆறுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, 2002இல் திருத்திய அரசமைப்பின் 45ஆம் பிரிவு, அரசு ‘முயலும்’ என்கிறது. 1989ஆம் வருஷத்து ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டை உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வழக்குப் போடத் தெரிந்த தோழர்கள் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு அதைவிட எளிய வேலை இருக்கிறது. உங்கள் கிராமத்து அ-பதிவேட்டின் நகலை வி.ஏ.ஓ. தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நத்தம், களம், மேய்க்கால், பஞ்சமி என்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேராக இப்போது யார் உழுகிறார்கள், எவர் வேலி போட்டிருக்கிறார்கள் என்று பென்சிலால் எழுதுங்கள். காலனிக்கு மிக அருகில் இருக்கிற ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆட இத்தனை சென்ட், அதை ஒட்டிப் பால்வாடி, அதில் பார்த்துக்கொள்ள நம் தெருப் பெண் ஒருத்திக்கு முழுக் கூலி என்று தீர்மானம் எழுதி வையுங்கள். கிராமசபை ஆகஸ்ட் 15 அன்று கூடும். தீர்மானத்தை வாசிக்க அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருத்தி எழுந்து நிற்கட்டும். அதுவரை கைப்பிள்ளையை அவள் புருஷன் வைத்திருக்கட்டும்.